டிரம்ஸ்காரப் புள்ள துன்னானா?

1

"ஆகாததுக்கு ஆயிரம் காரணம், ஆவறதுக்கு ஒண்ணு போதும்" என்று எங்கள் கிருபாக்கா சொல்லும். சொல்வதோடு நிற்காது, அந்த ஒன்றைத் தேடிக்கொண்டு பஸ் ஏறிவிடும். அப்படி அக்கா பஸ் ஏறின கதையைத்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் சித்தூர்க்காரன். நெதர்லாந்தில், ராட்டர்டாம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை. என் சம்சாரம் ஸ்டெல்லா நர்ஸ். அவள் விசாவில்தான் நான் வந்தேன். அதை அவள் இதுவரை என்னை மறக்கவிட்டதில்லை. எங்களுக்கு ஒரே மகள், ஷாரன். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். மற்ற நேரமெல்லாம் பாஸ் என்கிற வாத்தியம். வயலினுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். நின்றபடி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விரலால் மீட்ட வேண்டும்.

அவளோடு இரண்டு பையன்கள். பியானோவுக்கு பீட்டர் என்கிற வெள்ளைக்காரன். டிரம்ஸுக்கு வாஸ் என்கிற பையன், நம்ம நிறம். மூன்று பேரும் சேர்ந்து ஜாஸ் வாசிப்பார்கள். எல்லாம் காதல் பாட்டு. ஆனால் பாட ஆள் கிடையாது.

"காதல் பாட்டுன்னா வார்த்தை வேணாமாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வார்த்தை இருந்தா பொய் சொல்லிடலாம் நைனா" என்றாள்.

மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. "யாரை வேணா கூட்டினு வா. வெள்ளையோ கறுப்போ, மனுஷனா இருந்தா போதும்" என்று நானும் ஸ்டெல்லாவும் பெரிய மனசோடு எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அவள் சிரித்துவிட்டு வாத்தியத்தைத் துடைக்கப் போய்விடுவாள். அவள் மனசில் யாரோ இருக்கிறான், அவனை எங்களிடம் சொல்ல பயப்படுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. பெற்றவர்களிடம் சொல்லப் பயப்படும்படி அவன் யாராக இருப்பான்? ஜெயிலில் இருக்கிறானா, நாலு பிள்ளைக்குத் தகப்பனா? "வாயத் தொறந்து கேட்டா வாய மூடிக்கும், சும்மா இருங்க" என்று ஸ்டெல்லா என்னை அடக்கி வைத்திருந்தாள்.

2

இங்கே எங்கள் வாழ்க்கை ஒன்றும் சினிமா இல்லை. காலையில் சைக்கிள், எதிர்க்காற்று, கிடங்கு. அந்தக் கிடங்குக்குக் கப்பலில் வந்து இறங்குகிற சரக்கில் ஒன்று என்ன தெரியுமா? மாம்பழக் கூழ். நீல நிறப் பீப்பாய், மேலே ஒட்டின சீட்டில் சித்தூர் ஜில்லா. ஊரில் வெயில் காலத்தில் தோத்தாபுரி ஏற்றின டிராக்டர் ஃபாக்டரி வாசலில் வரிசை கட்டி நிற்குமே, வாசனை பாதித் தெருவுக்கு அடிக்குமே, அதே பழம்தான். முதல் தடவை பார்த்தபோது பீப்பாயைத் தட்டி "நீயும் வந்துட்டியா" என்றேன். பக்கத்தில் இருந்தவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

வந்த புதிதில் நகராட்சி ஆபீசில் குடும்பப் பேர் கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பேர்? பாஸ்போர்ட்டில் கடைசியாக இருந்த என் நைனா பேரை எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாவை எல்லாரும் "திருமதி தேவசகாயம்" என்கிறார்கள். "நான் என் மாமனாரைக் கட்டிக்கினேனா?" என்று அவள் வந்து என்னிடம் சண்டை போட்டாள். திருத்தப் போனோம். அதற்கு ஊரிலிருந்து ஒரு சான்று, அந்தச் சான்று சரிதான் என்று இன்னொரு சான்று. "கழுதை தேஞ்சு கட்டெறும்பானாலும் ஆவட்டும், விடு" என்று விட்டுவிட்டோம். மாமனார் பேரிலேயே அவள் ஹெட் நர்ஸும் ஆகிவிட்டாள்.

என் டச்சு பாஷையைப் பற்றிக் கேட்காதீர்கள். அது ஸ்டாண்டு இல்லாத சைக்கிள். ஓடுகிற வரைக்கும் ஓடும், நிறுத்தினால் விழுந்துவிடும். ஷாரனோ கனவே டச்சில்தான் காண்கிறாள். தமிழ் காதில் விழுந்தால் புரியும், பேசுவதற்குள் இரண்டு பஸ் போய்விடும். ஆனாலும் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவள் சிநேகிதர்கள் அதுதான் என் பேர் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் நைனா என்கிறார்கள். ஊரில் ஒரு பிள்ளைக்குத் தகப்பன். இங்கே ஒரு பேட்டைக்கே.

கிருபாக்கா எனக்கு நேர் மூத்தது. ரிட்டயரான டீச்சர், எங்கள் சபையில் பாடகர் குழுவுக்குத் தலைவி. அக்காவைப் பற்றி ஒன்று சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். சித்தூரில் நாங்கள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பேச்சு ஒரு பாஷை, எழுத்து ஒரு பாஷை. நான் பஸ் ஸ்டாண்டில் வேலூர் வண்டி போர்டைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்தை நானாகக் கற்றுக்கொண்டேன். அக்கா அந்தத் தொந்தரவே வைத்துக்கொள்ளவில்லை. தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதும். கிறிஸ்மஸ் கீதம், மளிகைச் சீட்டு, எனக்கு வாட்ஸப்பில் வருகிற திட்டு, எல்லாம் உருண்டை உருண்டையான தெலுங்கு எழுத்தில் சுத்தமான சித்தூர்த் தமிழ். எங்கள் பக்கம் இப்படி எழுதுகிறவர்கள் நிறைய பேர். வெளியூர்க்காரர்கள் படித்தால் தமிழர்களுக்கும் புரியாது, தெலுங்கர்களுக்கும் புரியாது. பூட்டு ஒரு ஊர், சாவி ஒரு ஊர்.

3

போன வசந்த காலத்தில் ஷாரனும் கூட்டாளிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சின்ன ஹாலில் வாசித்தார்கள். அதை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் அக்காவுக்கு லிங்க் அனுப்பினேன். சித்தூரில் அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். "டிவில போட்டுட்டேன். எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் வந்து உக்காந்துகினு கீறாங்க. முறுக்கு சுத்தினு கீது" என்று தகவல் வந்தது.

நானும் ஸ்டெல்லாவும் ஹாலில் இரண்டாவது வரிசை. மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு திரை. உலகத்தில் எங்கெங்கோ இருந்து பார்க்கிறவர்கள் எழுதுகிற வார்த்தைகள் அதில் வந்து விழும். பாட்டுக்குப் பாட்டு நடுவில், நிகழ்ச்சி நடத்துகிற அம்மாள் அதைப் படித்துக் காட்டுவாள்.

முதல் இரண்டு பாட்டு வேகமாகப் போனது. இவர்கள் ஊர் வழக்கம், ஒருத்தர் தனியாக வாசித்து முடித்ததும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கை தட்டுவார்கள். எங்கள் சபையில் பாட்டுக்கு நடுவே இருமினால்கூட அக்கா திரும்பிப் பார்க்கும். நான் தட்டலாமா வேண்டாமா என்று கையை மடியில் வைத்துக்கொண்டு தவித்தேன்.

மூன்றாவது பாட்டு ஷாரனே கட்டினது. மெதுவானது. பீட்டர் பியானோவில் ஒவ்வொரு சொட்டாக விட்டான். என் மகள் அந்தப் பெரிய வாத்தியத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு, யாரோ ஒருத்தர் வீட்டுக்கு நடந்து வருகிற மாதிரி ஒரு நடை வாசித்தாள். வாஸ் குச்சியை வைத்துவிட்டு விளக்குமாறு மாதிரி இரண்டு கம்பிக் குச்சத்தை எடுத்தான். அடிக்கவில்லை, டிரம்மைப் பெருக்கினான். முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம். ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பொது இடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. சங்கீதம் கெட்டிக்காரத்தனமான சமாச்சாரம்தான்.

பீட்டர் ஷாரன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் அடிக்கடி அவனைப் பார்த்தாள். நாலு பேர் சேர்ந்து பாரம் தூக்கும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து "ம்" என்று சொல்லித் தூக்குவோம் இல்லையா, இவர்களுக்கும் அப்படித்தான். எங்கே நுழைவது, எங்கே நிறுத்துவது எல்லாம் கண்ணில். கிடங்கில் பாரம் தூக்குகிற எனக்கு அது தெரியும். சித்தூரில் டிவி முன்னால் முறுக்கு தின்றுகொண்டிருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

பாட்டு முடிந்தது. கைதட்டல். திரையில் ஒரு நீளமான சேதி விழுந்தது. உருண்டை உருண்டையான எழுத்து.

4

"அடடா, எவ்வளவு அழகான எழுத்து!" என்றாள் நிகழ்ச்சி நடத்துகிற அம்மாள். மொழிபெயர்க்கிற பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வார்த்தைகள் வந்து விழுந்தன. அவள் சிரித்துவிட்டு ஜனத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?"

நான் படித்துவிட்டேன். படித்துவிட்டு நாற்காலிக்குள் இறங்கிக்கொண்டேன். வாட்ஸப் மாதிரி அது எனக்கு மட்டும் வரும் என்று நினைத்து அக்கா உலகத்துக்கே எழுதியிருந்தது இதுதான்:

"டேய் தம்பி, பாட்டு ரொம்ப நல்லா கீது. அந்தப் பியானோக்காரன் நம்ம பொண்ண முழுங்கற மாதிரி பாத்துகினு கீறானே, இன்னாடா சமாச்சாரம்? அறிக்கை வாசிக்க ஐயர்கிட்ட சொல்லட்டுமா? அந்த டிரம்ஸ்காரப் புள்ளதான் பாவம், தலையே தூக்கல. துன்னானா இல்லியா கேளுடா."

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், அறிக்கை வாசிப்பார். ஒரு பையன் ஒரு பெண்ணின் முகத்தை ஒரு முழுப் பாட்டுக்கு வெளிப்படையாகப் பார்த்தால், அக்கா கணக்கில் அடுத்த ஞாயிறு அறிக்கைதான்.

"வாய மூடிக்குனு உக்காருங்க" என்று ஸ்டெல்லா என் முழங்கையை அழுத்தினாள். சரி, யாருக்கும் தெரியாது, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அப்போது மேடையிலிருந்து ஒரு சிரிப்பு. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடிக்கிற சிரிப்பு. டிரம்ஸுக்குப் பின்னால் வாஸ் குலுங்கிக்கொண்டிருந்தான். திரையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக்கை இழுத்து டச்சில் சொன்னான்: "சித்தூர் என்கிற ஊரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பாட்டு ரொம்ப நல்லா இருக்காம். டிரம்ஸ் வாசிக்கிற பையன் சாப்பிட்டானா என்று கேட்கச் சொல்றாங்க."

ஹாலே சிரித்தது. கை தட்டினார்கள். அவன் கேமராப் பக்கம் திரும்பி, சுத்தமான நம்ம பக்கத்துத் தமிழில் சொன்னான்:

"இன்னும் துன்னல அத்தை. முடிச்சிட்டு துன்றேன்."

அந்தப் பையனை நான் சுரினாம்காரன் என்று நினைத்திருந்தேன். சுரினாம் தென்னமெரிக்காவில் இருக்கிற நாடு. அந்தக் காலத்தில் நம்ம தேசத்து வடக்கத்தி ஜனத்தைக் கூலிக்குக் கொண்டுபோய் இறக்கின இடம். அங்கிருந்து வந்த நம்ம நிறத்து ஜனம் இங்கே நிறைய. அவன் டிரம்மை வேனில் ஏற்றும்போது ஒரு கை பிடித்து, என் ஓட்டை டச்சில் வானிலையெல்லாம் பேசியிருக்கிறேன். அவனும் மரியாதையாக டச்சிலேயே பதில் சொல்லியிருக்கிறான், திருட்டுப் பயல்.

அது கிடக்கட்டும். அத்தை என்றானே! எங்கள் பக்கம் தெருவில் போகிற பெரியவங்களை அம்மா என்போம், அக்கா என்போம், இப்போது எல்லாரும் ஆன்ட்டி. அத்தை என்பது அப்படி வாரி இறைக்கிற வார்த்தை இல்லை. என் மகளுக்கு என் அக்கா அத்தை. அந்த அத்தையை அத்தை என்று கூப்பிட, ஊரார் வீட்டுப் பிள்ளைகளில் என் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற ஒருத்தனுக்குத்தான் தைரியம் வரும்.

ஷாரனைப் பார்த்தேன். வாத்தியத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் வெளியே தெரிந்தது. சிவந்திருந்தது.

5

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போனோம். பையன் எழுந்து நின்றான். "சாரி அங்கிள், வாய் தவறி வந்துடிச்சி" என்றான்.

"உன் பேர் என்னப்பா?"

"ஸ்ரீநிவாஸ். வீட்ல சீனு. இங்க யாருக்கும் வாயில வரல, வாஸ் ஆக்கிட்டாங்க."

"ஊரு?"

"திருப்பதி."

ஸ்டெல்லா பொத்தென்று ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சித்தூரில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் திருப்பதி. அங்கே கண்ணை மூடிக் கல்லை விட்டால் ஒரு ஸ்ரீநிவாஸ் மேல்தான் விழும். ஏழு கடல் தாண்டி வந்து என் மகள் பிடித்தது பக்கத்து ஊர்ப் பையனையா?

அப்பா மலைமேல் கோயிலில் வேலை பார்த்து ரிட்டயராகி, இப்போது இல்லை. அம்மா ரமணம்மா மட்டும் வீட்டில். சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டானாம், கம்ப்யூட்டர் வேலைக்கு இங்கே வந்தவன் டிரம்ஸில் விழுந்தானாம். எல்லாம் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே என் வாய் தானாக ஒரு கேள்வி கேட்டது.

"திருப்பதில எந்தத் தெரு?"

ஷாரன் என்னைப் பார்த்தாள். "பாத்தியா நைனா?" என்றாள், நிறுத்தி நிறுத்தி, தமிழிலேயே. "பீட்டர்னு சொல்லியிருந்தா தெரு கேட்டிருப்பியா? இதுக்குத்தான் சொல்லல."

வெள்ளைக்காரனுக்குத் தெரு இல்லை, சாதி இல்லை, சாமியைப் பற்றியும் யாரும் கேட்கமாட்டார்கள். திருப்பதிப் பையனுக்கு எல்லாம் உண்டு, எங்களுக்கும் உண்டு. "யாரை வேணா கூட்டினு வா" என்று நாங்கள் சொன்னதில் திருப்பதி சேர்த்தி இல்லை என்று அந்தப் பெண் எங்களுக்கு முன்னாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"நீங்க வேணாம்னா சொல்லிடுங்க அங்கிள்" என்றான் சீனு. "செகண்ட் ஹாஃப் மட்டும் வாசிச்சிடறேன்."

ஸ்டெல்லாதான் எழுந்தாள். கைப்பையைத் திறந்து, எனக்காகக் கொண்டுவந்திருந்த இட்லி டப்பாவை எடுத்து அவன் கையில் வைத்தாள். "மொதல்ல துன்னு" என்றாள். அவள் பக்கம் முடிந்தது. அவள் முடித்தால் நானும் முடித்த மாதிரிதான், விசாவே அவளுடையது.

ஆனால் அக்கா பாக்கி. ஷாரனுக்கு அது முக்கியம். பிறந்தபோது ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் கிடக்க, ஞானஸ்நானத் தொட்டியருகே அவளைக் கையில் ஏந்தி நின்றது அக்காதான். "அத்தை ஒத்துக்கலன்னா சித்தூர்ல எனக்கு யாரும் இல்ல" என்றாள். அங்கிருந்தே போன் போட்டேன்.

"அக்கா, அது பியானோக்காரன் இல்ல."

"அத்தைன்னானே, அப்பவே தெரிஞ்சிச்சி. எந்த ஊருடா?"

"திருப்பதி. ஸ்ரீநிவாஸ்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"வெள்ளைக்காரன்னா சபைல ஒருத்தன் வாயத் தொறக்கமாட்டான்டா" என்றது அக்கா. பிறகு, "அவங்க அம்மா நம்பர் வாங்கி அனுப்பு" என்று வைத்துவிட்டது.

இரண்டாவது பாதி முழுக்க ஷாரன் சுவரிலிருந்த திரையைப் பார்த்துப் பார்த்து வாசித்தாள். எங்கிருந்தெல்லாமோ வார்த்தை வந்தது. சித்தூரிலிருந்து ஓர் எழுத்தும் வரவில்லை.

6

அடுத்து வந்த நாட்களில் அக்கா போன் எடுக்கவில்லை. சேதி அனுப்பினால் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழும், பதில் விழாது. சீனுவின் அம்மாவும் அவனிடம் "பனி உந்தி ரா, வேலை இருக்குது, அப்புறம் பேசறேன்" என்று இரண்டு பாஷையிலும் சொல்லி வைத்துவிடுகிறாளாம். ஷாரன் தினமும் சாயங்காலம் வந்து சாப்பிடாமல் போனாள். "ரெண்டு பொம்பளைங்க பேசாம இருந்தா ஒண்ணு சண்டை, இல்ல சதி" என்றாள் ஸ்டெல்லா.

வியாழக்கிழமை கிடங்கில் பீப்பாய் இறக்கிக்கொண்டிருக்கும்போது வீடியோ கால் வந்தது. அக்காதான். ஆனால் பின்னால் இருந்தது எங்கள் வீட்டுச் சுவர் இல்லை. வெங்கடேசப் பெருமாள் படம், மாலை, பக்கத்தில் காலண்டர். அதன் முன்னால் அக்காவும், மூக்குத்தி போட்ட இன்னொரு அம்மாவும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் முகமெல்லாம் வியர்வை.

"போன நேரா புடிடா. இதுதான் ரமணம்மா. காலை பஸ்ஸுக்கே வந்துட்டேன்."

"நமஸ்காரம் அண்ணா" என்றாள் அந்த அம்மா. "உங்க அக்கா மொதல்ல போன் பண்ணதும் நான் பயந்தேன். சர்ச்சுலயா மலைலயான்னு நேரா கேட்டுட்டாங்க."

"நீ இன்னா சொன்ன, அத சொல்லு" என்று அக்கா அவள் தொடையில் தட்டியது.

"காலைல அங்க, சாயந்தரம் இங்க. சாமிங்க டைமுக்கு சண்டை போடமாட்டாங்க அண்ணா, சமையல்காரங்கதான் போடுவாங்க."

"மூணு நாளா போன்லயே இத பேசிகினு இருந்தோம்" என்றது அக்கா. "ஐயர்கிட்டயும் பேசிட்டேன். மொதல்ல மூஞ்ச தூக்கினாரு. அறிக்கைய நீங்க வாசிக்கலன்னா பாட்டு நேரத்துல நானே எழுந்து வாசிக்கறேன்னேன். பாக்கறேம்மான்னு எறங்கி வந்துட்டாரு. அத வுடு. இங்க வேற தகராறு."

"என்ன தகராறு?" என்றேன்.

ரமணம்மா போனை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். பழைய வீடு. உள்ளே போகிற கதவு ஒடுக்கமாக ஒரு ஆள் நுழைகிற மாதிரி. அதன் பக்கத்தில் ஆசாரி ஒருவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்றார்.

"கோடலு, மருமகப் பொண்ணு வந்தா அந்தப் பெத்த, பெரிய வீணையும் வரும் இல்ல?" என்றாள். "இந்த வாசல்ல எப்படி நுழையும்? அத வெளிய வெச்சிட்டு அவ மட்டும் உள்ள வருவாளா?"

"நான்தான்டா வீணை" என்றது அக்கா. "என்னைக் கையத் தூக்கி நிக்க வெச்சி, சாச்சி, ரெண்டு தடவ உள்ள இழுத்துப் பாத்துட்டா. இடிக்குது. கதவக் கழட்டி நிலைய அகலம் பண்ணிடலாம்னு ஆசாரிய கூப்பிட்டாச்சி. அளவு கேக்கறாரு. சட்டுனு கேட்டு சொல்லு."

பீப்பாய்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கூட வேலை செய்கிறவனிடம் இன்னொரு போனை வாங்கி ஷாரனைக் கூப்பிட்டேன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, ஒத்திகையில் இருந்தாள். "அம்மா, உன் வாத்தியத்துக்கு அகலம் எவ்வளவு? பெட்டியோட சேத்து சொல்லு."

"எதுக்கு நைனா?"

"திருப்பதில கதவு கழட்டறாங்க."

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்தது. சீனு "ஏமைந்தி, என்ன ஆச்சு" என்று கேட்பதும், அவள் அழுகையும் சிரிப்புமாக டச்சில் அவனிடம் ஏதோ சொல்வதும், டேப் இழுபடுகிற சத்தமும் கேட்டன. அவள் அளவை டச்சில் சொன்னாள். நான் அதை இந்தப் போனில் தெலுங்கில் கத்தினேன். அக்கா திரும்பி ஆசாரிக்குத் தமிழில் சொன்னது:

"எழுதிக்கோப்பா. அதுக்கு மேல நாலு விரக்கடை சேத்து வெச்சிடு. பொண்ணு அத கட்டிப் புடிச்சினுதான் வருவா."